கிளிக்: டர்பனில் இருப்பவர்கள் பழக வேண்டிய மூன்று ஒலிகள்

சீட் பெல்ட் மாட்டும்போதும் மவுஸை அழுத்தும்போதும் வருகிற சத்தம்தான் ஆங்கிலத்தில் கிளிக். ரொம்ப நேரம் புரியாதது சட்டென்று பிடிபட்டாலும் கிளிக், பார்த்த உடனே இரண்டு பேருக்கு ஒத்துப்போனாலும் கிளிக், படம் ஓடினாலும் கிளிக். தமிழிலேயே அப்படித்தான் பேசுகிறோம், அதனால் இங்கே நிற்க வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கிற நமக்கு முக்கியமானது வேறு. இங்கே பலரும் பேசுகிற ஜூலு மொழியில் நாக்கைச் சொடுக்கிச் சொல்லும் மெய்யொலிகளுக்கும் இதே பெயர்தான். இந்தப் பகுதிப் பழங்குடிகளின் கோய்சான் மொழிகளிலிருந்து ஜூலுவுக்கும் அதன் உறவு மொழியான கோசாவுக்கும் வந்தவை. எழுத்தில் சி, க்யூ, எக்ஸ்.

முதலில் சி. ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுவோமே, அதே ஒலி! நாக்கு நுனியை மேல் முன்பல்லின் பின்னால் ஒட்டி, உறிஞ்சுகிற மாதிரி விடுங்கள். 'தாருங்கள்' என்று பணிவாகக் கேட்க: 'ங்கி', உடனே உச்சு, அப்புறம் 'எலா'. மூன்றும் இடைவெளி இல்லாமல் வர வேண்டும்.

அடுத்து எக்ஸ். நுனி மேலே ஒட்டியபடியே இருக்கட்டும், நாக்கின் ஓரத்தை மட்டும் கடைவாய்ப் பல் பக்கமாகப் பிரியுங்கள். நெரிசலில் வழி கேட்க 'உ', கிளிக், 'ஓலோ'.

க்யூவுக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். நுனியை ஈறுக்குச் சற்றுப் பின்னால் மேலண்ணத்தில் அழுத்தி, டொக் என்று கீழே இறக்குங்கள். வராதவர்கள் 'க' போட்டுச் சமாளிப்பார்கள், அது கூடாது, ஏனென்றால் க்யூவோடு 'அமா-(டொக்)-அண்டா' என்றால் முட்டைகள், 'அமகாண்டா' என்றால் தலைகள், கடையில் போய் தலை கேட்டு நிற்போம்.

சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு வழி: வாயைத் திறந்தபடி மூக்கால் 'ங்ங்ங்' என்று முனகிக்கொண்டே கிளிக் போடுங்கள். முனகல் அறுபடவில்லை என்றால் சரி, ஏனென்றால் கிளிக்குக்கு நுரையீரல் காற்று தேவையே இல்லை, நாக்கு உறிஞ்சுவது போதும்.

இவ்வளவு மெனக்கெடச் சொல்வது மனிதர்களின் பெயருக்காகத்தான். கூட வேலை செய்கிற பெண்ணின் பெயரில் க்யூ இருக்கும், வருடக்கணக்காக 'க' போட்டே கூப்பிடுவோம். நம் பெயரில் 'ழ'வைச் சிதைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அவரையே மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.

மூன்றும் வந்துவிட்டால் போர்ட் எலிசபெத்துக்கு 2021-இல் வைத்த புதுப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். Gqeberha என்ற கோசாப் பெயர், தொடக்கமே குரல் சேர்ந்த (தொண்டை அதிர வரும்) க்யூ கிளிக்.