சீலிங்கில் வெள்ளை உரிந்ததை நான் சரிசெய்த விதம்

மதுரையில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்துச் சீலிங்கில் அடித்திருந்த வெள்ளை எமல்ஷன் அப்பளம் போலப் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மொட்டைமாடியில் ஒழுகல் இல்லை, ஈரமும் இல்லை. செல்லோடேப்பை ஒட்டி இழுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பொடி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் வருடக்கணக்காக அடித்த சுண்ணாம்பு! அந்தப் பொடியின் மேல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயின்டும் பிடிக்காது.

மூக்கை மூடிக்கொண்டு, தகட்டால் முழுக்கச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். உண்மையான வேலை இதுதான். கழுத்து வலிக்கும், ஆனாலும் அவசரப்படக் கூடாது. அப்புறம் பெயின்ட் பிடிக்க உதவும் அடிப்பூச்சான பிரைமர், பள்ளங்களை நிரப்பப் பட்டி (புட்டி), தேய்த்துச் சமப்படுத்த உப்புத்தாள். பட்டி போட்ட இடங்களில் மறுபடி பிரைமர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை பெயின்டை உறிஞ்சித் திட்டுத்திட்டாகத் தெரியும்.

சீலிங்குக்கும் சுவருக்கும் எந்த வெள்ளை? ஷேடு கார்டை மட்டும் நம்பாமல், சிறிய டப்பா வாங்கிச் சுவரில் தடவி, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்த்தேன். நீலச் சாயல் வெள்ளை எங்கள் வடக்குப் பார்த்த கூடத்தில் சாம்பலடித்தது. லேசான மஞ்சள் சாயல் உள்ளதைச் சுவருக்கு எடுத்தேன். சீலிங்குக்கு பளபளப்பே இல்லாத மேட் வெள்ளைதான் சரி. மினுமினுப்பு இருந்தால் சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும்.

ஃபேனை நிறுத்திவிட்டு, பிரஷ்ஷால் ஓரம் கட்டி, அது காய்வதற்குள் ரோலர் ஓட்டினேன். 4 மணி நேரம் விட்டு இரண்டாவது கோட்டிங்.