விட்ட நாளுக்கு வட்டி கட்டாதீர்கள்

காலையில் என்னுடன் நடக்கவும் மெல்லோட்டம் ஓடவும் வருகிறவர்களில் புதியவர் ஒருவர், சென்ற திங்கட்கிழமை வலது காலைச் சற்றே இழுத்துக்கொண்டு வந்து நின்றார். காரணத்தைக் கேட்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. வாரத்தின் நடுவில் நான்கு நாள் அவர் வரவில்லை. அந்த நான்கு நாள் கணக்கையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் தீர்த்திருக்கிறார். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த அதே அசட்டுத்தனம். முகத்தில் அதே பெருமிதமும்கூட.

பொருத்தமான காலணி, போதிய தண்ணீர் போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்யாதவரை என்னுடைய கட்டுரை திருத்திவிடாது. கீழே தலைப்புகளாக இருப்பவை, பயிற்சி செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்.

உற்சாகமான நாளில் அளவை முடிவு செய்வது

நன்றாகத் தூங்கி எழுந்து, வேலை அதிகம் இல்லாத ஒரு நாளில்தான் பெரும்பாலோர் திட்டம் போடுகிறார்கள். அன்றைக்கு ஒரு மணி நேரப் பயிற்சி என்பது மிக எளிதாகத் தோன்றும். ஆனால் அந்தத் திட்டத்தை நிறைவேற்ற வேண்டிய நாள்களில் பாதி, தாமதமாகப் படுத்துத் தலைபாரத்தோடு எழும் நாள்களாக இருக்கும். வேலையும் அலுப்பும் ஒருசேர அழுத்துகிற நாளிலும் தட்டாமல் செய்யக்கூடிய அளவு எதுவோ, அதையே அன்றாட அளவாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் செய்கிற நாள்கள் பல உண்டு; ஆனால் கணக்கில் வைப்பது பன்னிரண்டை மட்டுமே.

விட்ட நாள்களை ஒரே நாளில் ஈடுகட்டுவது

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் ஓடத் தொடங்கிய முதல் ஆண்டில் நாளொன்றுக்கு அரை மணி நேரம் என்று நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். ஒரு வாரம் வேலை நெருக்கடியில் ஐந்து கட்டங்கள் காலியாகிவிட்டன. அந்தக் காலிக் கட்டங்களைப் பார்க்கப் பொறுக்காமல், சனிக்கிழமை இரண்டரை மணி நேரம் ஓடியும் நடந்தும் அவற்றை நிரப்பினேன். மூச்சு வாங்கவில்லை, தொடை வலிக்கவில்லை. எனவே உடல் ஒத்துழைக்கிறது என்று நினைத்து அடுத்த இரண்டு வாரங்களும் அதையே செய்தேன். மூன்றாவது வார முடிவில், முழங்காலுக்குக் கீழே எலும்பின் உட்பக்கத்தில் விரல் வைத்தால் துள்ளும்படியான வலி வந்தது. மயிரிழை அளவு விரிசல் என்று மருத்துவர் சொன்னார். ஐந்து அரை மணி நேரங்களை மீட்கப் போய், ஒன்பது வாரங்களை இழந்தேன். இன்றைக்கும் அந்த நோட்டைக் காணும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஏன் இப்படி நேர்கிறது என்பதை அப்போதே யாராவது விளக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதயமும் தசைகளும் புதிய உழைப்புக்குச் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால், அவை மிக மெதுவாகவே வலுப்பெறுகின்றன. எலும்போ தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, பிறகுதான் புதியதை அடுக்குகிறது. ஒரு சுற்று முடியப் பல மாதங்கள் ஆகும். ஆகவே, மூச்சு சீராக இருக்கிறது என்பதை வைத்துக் கால் தாங்கும் என்று முடிவு செய்வது, குதிரை சளைக்கவில்லை என்பதற்காக வண்டியின் அச்சும் உறுதியாக இருப்பதாக நம்புவதைப் போன்றது.

வாரம் முழுவதற்குமான பயிற்சியை ஓரிரு நாள்களில் முடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான், அப்படிச் செய்கிறவர்களுக்கும் இதயத்துக்கான நன்மை கிடைப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவர்கள் அந்த அளவுக்குப் படிப்படியாக வந்தவர்களாயிருந்தால், அவர்களின் உடல் அதற்குப் பழகியிருக்கும். நேற்றுவரை இருபது நிமிடம் நடந்தவர் இன்றைக்குத் திடீரென்று இரண்டு மணி நேரம் ஓடுவது வேறு கதை.

உடலை விட்டுத்தள்ளினாலும், மனத்துக்கும் இந்தக் கடன் கணக்கு கேடு செய்கிறது. மூன்று நாள் பாக்கி என்றால் நான்காம் நாள் எழும்போதே பாரமாக இருக்கும். பாரம் கூடக்கூட எழுந்திருப்பது தள்ளிப்போகும். ஒரு மாதம் கழித்துக் கட்டவே முடியாத கடனாகிவிட்டபின் முழுவதுமாக விட்டுவிடுவார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், 96 பேரைத் தினமும் ஒரு புதிய செயலைச் செய்யவைத்துக் கவனித்தார்கள். செயல் பழக்கமாவதற்குச் சிலருக்கு 18 நாள்களே போதுமாக இருந்தன. வேறு சிலருக்கு 254 நாள்கள் வரை தேவைப்படும் என்று கணக்கிடப்பட்டது. நடு அளவு 66 நாள்கள். நான் இதில் முதன்மையாகக் கருதும் செய்தி வேறொன்று: இடையில் ஒரு நாள் தவறியது, பழக்கம் வேரூன்றுவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை.

எனவே, ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் வழக்கமான அளவை மட்டும் செய்யுங்கள். ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் பாதியில் தொடங்கி, சில நாள்களில் பழைய அளவுக்கு வாருங்கள். வலி வந்தால் அதன் தன்மையைப் பாருங்கள். புதிய பயிற்சிக்குப் பிறகு தசை முழுவதும் பரவி, இரண்டு மூன்று நாள்களில் தானாகத் தணிகிற வலி இயல்பானது. ஒரே புள்ளியில், எலும்பின் மேல் அழுத்தினால் கூர்மையாகத் தெரிந்து, நாளுக்கு நாள் கூடுகிற வலி இருந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முழு அரை மணி நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருப்பது

ஒரே தொடராகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறியது. 2020-இல் வெளியிட்டதில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பது இப்போதைய அளவு. அதை எத்தனை துண்டாகவும் சேர்த்துக்கொள்ளலாம். ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 1953-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், இலண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் உட்கார்ந்தே வேலை செய்த ஓட்டுநர்களைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அந்த நடத்துநர்கள் யாரும் அதற்கென்று நேரம் ஒதுக்கவில்லை.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடிகள் என்பதை வேதவாக்காகக் கொள்வது

அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண். ‘மான்போ-கெய்’ என்றால் பத்தாயிரம் அடி மானி என்று பொருள். சராசரியாக 72 வயதுடைய பெண்களைப் பற்றி 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500-ஐ ஒட்டி அந்த நன்மை மேலும் கூடாமல் நின்றுவிட்டது. இரவு பதினொரு மணிக்குக் கூடத்தில் சுற்றிச் சுற்றி நடந்து எண்ணிக்கையை நிரப்புகிறவர்கள் உறங்கப் போகலாம்.

நடை ஒன்றே போதும் என்று இருந்துவிடுவது

போதாது. தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும்.

பக்கத்தில் ஓடுகிறவரின் வேகத்தைப் பிடிப்பது

மிதமான வேகத்தில் உங்களால் பேச முடியும், பாட முடியாது. பக்கத்தில் ஓடுகிறவருக்கு அந்த வேகம் வேறு.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடப் போவது

வேண்டாம்.

நெஞ்சு இறுக்கத்தையோ தலைச்சுற்றலையோ பொருட்படுத்தாமல் தொடர்வது

உடனே நிறுத்துங்கள், உதவிக்கு ஆளை அழைத்து, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.