கல்லூரி அணியா, சிறு லீக் அணியா? திறமையை ஒப்பிடும் முறை

அமெரிக்கக் கால்பந்தில் இரு அணிகளின் முழு வீரர் பட்டியலையும் ஒப்பிடாதீர்கள். முதலில் களமிறங்கும் 22 பேரை மட்டும் எடுங்கள். கல்லூரி அணிக்கு, அடுத்த மூன்று என்எஃப்எல் டிராஃப்டுகளில் (முதன்மைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எத்தனை பேர் தேர்வானார்கள் என்று எண்ணுங்கள். 2021 ஜார்ஜியா பல்கலைக்கழக அணியிலிருந்து 2022 டிராஃப்டில் மட்டும் 15 பேர் தேர்வானார்கள். முதல் சுற்றில் போன ஐவரும் தடுப்பாட்டக்காரர்கள். யுஎஃப்எல் போன்ற சிறு தொழில்முறை லீக்குகளின் அணிகளுக்கு, என்எஃப்எல் அணிகளின் பயிற்சி முகாம் வரை போனவர்களை எண்ணுங்கள்.

பலர் தவறுவது இங்கேதான்: டிராஃப்ட் எண்ணிக்கை நாளைய திறனைக் காட்டுகிறது, இன்றைய பலத்தை அல்ல. முன்வரிசையில் மோதும் 19 வயது லைன்மேன் எதிரே 26 வயதுக்காரர் நின்றால், உடல் முதிர்ச்சியே பெரும்பாலும் வெல்லும். ஆகவே முன்வரிசைகளை வயதோடு தனியாக ஒப்பிடுங்கள். வேகம் தேவைப்படும் ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்), கார்னர்பேக் (அவரைத் தடுப்பவர்) இடங்களில் வயது அவ்வளவு பொருட்டில்லை.