மலை விடுதியில் ஃபாண்ட்யூ: முதல் தடவை சாப்பிடப் போகிறவர்களுக்கு

சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் மாநிலத்தில், மொலேசோன் மலைச் சரிவில் ஒரு மர விடுதி. ஃபாண்ட்யூ என்பது மேசையில் சிறு அடுப்பின் மேல் வைத்த சட்டியில் உருக்கிய சீஸ், ரொட்டித் துண்டுகளோடு சாப்பிடுவது. முதல் தடவை அங்கே போனபோது நாலு பேருக்கு வந்த சீஸில் கால்வாசியைத் தீய்த்துவிட்டேன். நீங்களும் அதைச் செய்யாமல் இருக்கத்தான் இது.

முதலில் ஆர்டர். பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறைந்து தர மாட்டார்கள். இந்தப் பக்கத்து வழக்கம் மொஆத்தியே-மொஆத்தியே: கிரூயேர் பாதி, வாஷ்ரன் பாதி என்று இரண்டு வகைச் சீஸ், வெள்ளை வைனில் உருக்கியது. ஆளுக்குச் சுமார் 200 கிராம் சீஸ் என்பது கணக்கு, அதனால் முன்னதாக வேறெதுவும் சொல்லாதீர்கள்.

அடுத்து ரொட்டி. முள்கரண்டியை மெத்தென்ற பக்கம் குத்தி, மேலோட்டில் போய் நிற்கும்படி இறக்குங்கள். ஓடில்லாத துண்டு சட்டிக்குள் விழுந்துவிடும். விழவிட்டவர் எல்லோருக்கும் வைன் வாங்கித் தர வேண்டும் என்று ஒரு விளையாட்டு வழக்கம் உண்டு. முள்கரண்டி உதட்டில் படாமல் பல்லால் ரொட்டியை மட்டும் இழுத்துக்கொள்ளுங்கள். எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

இனி நான் சறுக்கிய இடம். ஃபாண்ட்யூ என்றால் தொட்டுத் தின்பது என்று நினைத்திருந்தேன். இல்லை, கிண்டித் தின்பது. சட்டி மேசைக்கு வந்த பிறகும் சமையல் முடியவில்லை, அதை முடிப்பது நாம்தான். ஒவ்வொரு துண்டையும் அடிவரை இறக்கி, எட்டு வடிவத்தில் ஒரு சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும், அல்வா கிண்டுகிற மாதிரி. நாங்கள் கதை பேசிக்கொண்டு மேலாக நனைத்தோம், அடுப்பும் முழுத் திறப்பில் எரிந்தது. சூடு மிஞ்சினால் புரதம் ரப்பராகத் திரளும், கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து மிதக்கும். அடுப்பின் மூடியை நகர்த்திச் சுடரைக் குறையுங்கள். ஓரத்தில் மெல்லக் குமிழி வந்தால் போதும். பிரிந்தே விட்டால் வெட்கப்படாமல் விடுதிக்காரரைக் கூப்பிடுங்கள். எங்களுக்கு வந்த அம்மா சோள மாவைக் கொஞ்சம் வைனில் கரைத்து ஊற்றி, வேகமாகக் கிண்டிச் சேர்த்துவிட்டார். அடியில் தீய்ந்தது மட்டும் போனது போனதுதான்.

கடைசியில் அடியில் மெல்லிய படலம் மிஞ்சும். சிறு தீயில் பொன்னிறமாக விட்டுச் சுரண்டினால் மொறுமொறுவென்று வரும். ரெலிஜியூஸ் என்பார்கள். பால்கோவா சட்டியைச் சுரண்டச் சண்டை போட்டவர்களுக்குப் புரியும்.

குடிக்க நான் சூடான கறுப்புத் தேநீர்தான் சொல்வேன். தண்ணீர் குடித்தால் வயிற்றில் சீஸ் கட்டியாகிவிடும் என்று அங்கே நம்புகிறவர்கள் உண்டு. நான் குடித்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

பின்சேர்க்கை: மது ஆகாது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வாஷ்ரன் மட்டும் போட்ட ஃபாண்ட்யூ கேளுங்கள். அதை வைனில்லாமல் தண்ணீரிலேயே உருக்குவார்கள், உருளைக்கிழங்கும் தருவார்கள். கொதிக்கவே கூடாது, தீ இன்னும் சிறிதாக இருக்கட்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

இன்னொன்று: சுத்த சைவர்கள் கவனிக்க. கிரூயேருக்குப் பால் உறையக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள். மற்ற சீஸுக்கும் கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.