ஆறு சவுக்குக் கழி, ஒரு மூங்கில், ஒரு வலை ஊஞ்சல்

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வலை ஊஞ்சல் ஆசை வந்தால் முதல் தடை வீட்டுக்காரர்தான். காலண்டர் மாட்ட ஆணி அடித்ததற்கே முன்பணத்தில் கழித்துக்கொள்பவர், கான்கிரீட்டைத் துளைத்துக் கொக்கி மாட்ட விடுவாரா? மொட்டை மாடியில் மரமும் கிடையாது. கடையில் விற்கும் இரும்பு ஸ்டாண்டை மூன்றாவது மாடிக்கு ஏற்றி, மழை வந்தால் இறக்கி, மறுபடி ஏற்றுவதை நினைத்தாலே ஆசை அடங்கிவிடும். நான் பந்தல் போடுபவரின் மகள். ஆணியும் துளையும் இல்லாமல் ஒரு தெருவையே மூடும் பந்தல் நிற்கிறது என்றால் ஒரு ஆள் படுக்கும் ஊஞ்சல் நிற்காதா என்ன?

அமைப்பு இவ்வளவுதான்: இந்தப் பக்கம் மூன்று கழி சேர்த்துக் கட்டிய ஒரு முக்காலி, அந்தப் பக்கம் அதேபோல ஒரு முக்காலி, இரண்டின் தலையிலும் கிடக்கும் ஒரு குறுக்குக் கழி. பிரித்தால் மிக நீளமான துண்டு 6 அடிதான். இரண்டு கட்டாகக் கட்டிப் படியேறலாம். விரித்து வைக்க சுமார் 14 அடி நீளமும் 5 அடி அகலமும் வேண்டும். அதை முதலில் அளந்து பார்த்துவிடுங்கள்.

கால்களுக்குச் சவுக்கு. சாரத்துக்குக் கழி விற்கும் சவுக்கு, மூங்கில் மண்டியில் 6 அடி நீளத்தில் ஆறு கழிகள் கேளுங்கள். நுனிப்பக்கம் ஒன்றே முக்கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அடிப்பக்கம் இரண்டரையைத் தாண்டினால் வீண் சுமை. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்க வேண்டாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழியின் நீளத்துக்குப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். பிறகு தரையில் தட்டிப் பாருங்கள். காய்ந்த நல்ல கழி கணீரென்று ஒலிக்கும். உள்ளே வெடிப்போ உளுத்தலோ இருந்தால் சத்தம் மந்தமாக வரும். பச்சைக் கழிதான் கிடைக்கிறது என்றால் பட்டையை உரித்து நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் போட்டால் பிளந்துவிடும். பட்டையோடு வைத்திருந்தால் அதனடியில் பூச்சி குடியேறும்.

குறுக்குக் கழிக்கு மூங்கில். அதிலும் உள்கூடு மிகச் சிறியதாக உள்ள கல் மூங்கில், சுமார் இரண்டு அங்குலக் கனத்தில், 10 அடி. அதை 5 அடியாக இரண்டாக அறுத்து, 2 அடி நீள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் இரு முனைகளிலும் ஒவ்வோர் அடி ஆழத்துக்குச் செருகினால் மறுபடி 10 அடி. குழாய்க்குள் மூங்கில் ஆடினால் பழைய வேட்டித் துணியைச் சுற்றி இறுக்குங்கள். மூங்கில் பெரிதாக இருக்கிறதென்று சீவத் தொடங்காதீர்கள். அதன் பலம் பெரும்பாலும் வெளித்தோலை ஒட்டிய நாரில்தான் இருக்கிறது. குழாயை மூங்கிலுக்கு ஏற்றபடி வாங்குவதே சரி. அறுத்த முனைகள் பிளக்காமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு ஹோஸ் கிளிப் (ரப்பர் குழாயை இறுக்கும் திருகு வளையம்) மாட்டித் திருகிவிடுங்கள்.

இனி தலைக்கட்டு, அதாவது முக்காலியின் மூன்று கால்களையும் நுனிப்பக்கம் சேர்க்கும் கட்டு. வேலையில் கொஞ்சம் பொறுமை கேட்கும் இடம் இதுதான். மூன்று கழிகளை நுனிகள் ஒரே வரிசையில் இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் கிடத்துங்கள். 8 மி.மீ. பருத்திக் கயிற்றின் ஒரு முனையை, நுனியிலிருந்து அரை அடி கீழே முதல் கழியில் கட்டுங்கள். அங்கிருந்து இரண்டாவது கழிக்கு மேலே, மூன்றாவதற்குக் கீழே, திரும்பி வரும்போது இரண்டாவதற்குக் கீழே என்று பாய் முடைவதுபோல ஐந்தாறு சுற்று. பிறகு கயிற்றைக் கழிகளுக்கு நடுவிலுள்ள இரண்டு இடுக்குகளிலும் செங்குத்தாக விட்டு இரண்டிரண்டு சுற்று சுற்றி இறுக்கி முடிச்சிடுங்கள். முதல் சுற்றுகளை மிதமாகவே இழுக்க வேண்டும். வெறி பிடித்தாற்போல இழுத்தால் கால் விரியவே விரியாது. நைலான் வழுக்கும், இழுபடும். தலைக்கட்டுக்கு அது சரிவராது. இந்தக் கட்டை ஒருமுறை போட்டால் போதும். பிரித்து வைக்கும்போது கால்களைச் சேர்த்து மடக்கினாலே ஆயிற்று.

முக்காலியை நிறுத்தும்போது தலை தரையிலிருந்து 5 அடி உயரத்திலும், கால்கள் ஒன்றுக்கொன்று நாலேகால் அடி இடைவெளியிலும் இருக்கட்டும். ஒற்றைக் கால் வெளிப்பக்கம், இரட்டைக் கால்கள் ஊஞ்சலின் இருபுறம். கட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று நுனிகளின் கவட்டில் மூங்கிலை வைத்துக் கட்டுங்கள்.

அடுத்து கால் கயிறு. மூன்று கால்களையும் அடியில் சுற்றி ஒரு 10 மி.மீ. கயிறு போகவேண்டும், ஒவ்வொரு காலிலும் ஒரு சுற்று சுற்றிச் செல்ல வேண்டும். மணலிலும் மண்ணிலும் கால் கொஞ்சம் புதையும். மாடித்தளத்திலோ ஓடு பதித்த தரையிலோ பாரம் ஏறியதும் கால்கள் விலகப் பார்க்கும், ஊஞ்சலில் இருப்பவர் தரைக்கு வருவார். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இந்தக் கயிற்றை விட்டுவிடச் சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரை முதலில் படுக்கச் சொல்லுங்கள். காலடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினால் வழுக்கலும் குறையும், தளத்தில் கீறலும் விழாது.

ஊஞ்சலைத் தொங்கவிடும் கோணத்தை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. பலரும் ஊஞ்சலைக் கட்டில்போல நேராக இழுத்துக் கட்டுகிறார்கள். 80 கிலோ எடையுள்ளவர் படுத்திருக்கும்போது கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிந்திருந்தால், ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 80 கிலோ இழுப்பு. 15 டிகிரியாக இழுத்துக் கட்டினால் அதுவே ஏறத்தாழ 155 கிலோ. ஆள் மாறவில்லை, எடை மாறவில்லை, கயிறும் மூங்கிலும் இரண்டு மடங்கு பாடுபடுகின்றன. நன்றாகத் தொய்வதுதான் படுக்கவும் சுகம்.

முக்காலித் தலைகளுக்கு நடுவே 9 அடி இருந்தால், ஊஞ்சல் தன் கயிறுகளோடு சேர்ந்து சுமார் பத்தரை அடி இருக்கும்படி கட்டுங்கள். 30 டிகிரி தானாக வந்துவிடும். சந்தேகமாக இருந்தால், பிள்ளைகளின் ஜியோமெட்ரி பெட்டியில் இருக்கும் 30, 60 டிகிரி மூலைமட்டத்தைக் கயிற்றின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஆள் உள்ளே இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். அப்போது ஊஞ்சலின் அடி தரையிலிருந்து இரண்டு முதல் இரண்டரை அடிக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

ஊஞ்சல் கயிற்றை முக்காலித் தலையை ஒட்டி, உட்புறமாக மூங்கிலில் மூன்று சுற்று சுற்றிக் கட்டுங்கள். பாரம் ஏறினால் அது நடுப்பக்கம் நகரப் பார்க்கும். சுற்றுக்கு உள்பக்கம் ஒரு கணு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயே இன்னொரு ஹோஸ் கிளிப்பையும் இறுக்கிவிட்டால் நகராது.

படுக்கும் முன் சோதனை. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று ஏறக்குறைய 20 கிலோ. ஐந்து கேன்களை ஒவ்வொன்றாக ஊஞ்சலில் ஏற்றி, மெதுவாக ஆட்டிவிட்டுக் கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். கட்டுகள் கொஞ்சம் இழுபட்டிருக்கும், மறுபடி இறுக்குங்கள். குழந்தைகள் இதில் குதித்து விழக் கூடாது. குதிக்கும்போது இறங்கும் வேகத்தில் இழுப்பு எடையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும். கைப்பிடிச் சுவரை ஒட்டி இதை ஒருபோதும் வைக்காதீர்கள்.

வார்னிஷ் தேவையில்லை. கழிகளை உப்புத்தாளால் தேய்த்து லின்சீட் எண்ணெய் பூசினால் போதும். ஐப்பசி மழை தொடங்கும் முன் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள்; பருத்திக் கயிறு நனைந்து நனைந்து உளுத்துப் போகும். சுவரில் சாய்த்து வைத்திருக்கும் கழியின் கீழே மாவுபோலத் தூள் கொட்டியிருந்தால் அந்தக் கழிக்குள் பூச்சி இருக்கிறது. வைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல் அதை அடுப்புக்குப் போட்டுவிடுங்கள். புதிய கழி ஒன்று வாங்கி, தலைக்கட்டை அவிழ்த்து மாற்றிக் கட்ட அரை மணி நேரம் ஆகும்.