அடிக்கிற பையனா, வளைக்கிற பையனா? ஹாக்கி ஃபார்வர்டை எடைபோடும் வழி

காரைக்குடிப் பக்கம் ஹாக்கி டீமுக்கு ஃபார்வர்டு (கோல் போட முன்னால் நின்று ஆடுகிறவன்) எடுக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு தடவையும் இதே பேச்சுதான்: இரண்டு பேரில் யாரை எடுப்பது? ஒருத்தன் வாட்டசாட்டமான ஆள், ஓட்டத்தில் புலி, பந்து கிடைத்தால் இடி மாதிரி அடிப்பான். இன்னொருத்தன் ஒல்லி, ஆனால் பந்து அவன் ஸ்டிக்கை விட்டுப் பிரியாது, ஆளை வளைத்துத் தாண்டிப் போய்விடுவான். யார் அதிகம் கோல் போட்டான் என்று மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

முதலில், பலம் என்றால் எது? ஐஸ் ஹாக்கியில் உடம்பால் இடித்துத் தள்ளலாம். தரையில் ஆடும் நம் ஹாக்கியில் இடித்தால் ஃபவுல், உடம்பைக் குறுக்கே கொடுத்துப் பந்தை மறைத்தாலும் ஃபவுல். அதனால் நமக்குப் பலம் என்பது கீப்பர் முன்னால் இடம் பிடித்து நிற்பது, கீப்பர் மேல் பட்டுத் திரும்பி வரும் பந்துக்கு (ரீபவுண்டு) முதல் ஆளாகப் பாய்வது, பந்து பறிபோனால் தலையைத் தொங்கப்போடாமல் திரும்பி ஓடிவந்து பிடுங்குவது.

சரி, அளப்பது எப்படி? ஒரு நோட்டு, மூன்று மேட்ச் போதும். எதிரணியின் 23 மீட்டர் கோட்டுக்குள் அவனிடம் பந்து வரும் ஒவ்வொரு முறையும் என்ன ஆனது என்று குறியுங்கள்: டி-க்குள் (கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டம்) கொண்டுபோனானா, ஷாட் அடித்தானா, பெனால்டி கார்னர் (டி-க்குள் எதிரணி தப்பு செய்தால் நமக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) வாங்கினானா, பறிகொடுத்தானா. இதில் கார்னர் கணக்கைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஒல்லிப் பையன் ஒரு மேட்சில் இடது ஓரமாக வந்து, பந்தை வலதுக்கு இழுத்து, உடனே இடதுக்குத் திருப்பி டி-க்குள் நுழைந்தான். தடுமாறிய டிஃபெண்டரின் ஷூவில் பந்து பட்டது, அம்பயர் இரண்டு கையையும் கோல் பக்கம் நீட்டி கார்னர் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் போட்ட இரண்டு கோலும் அவன் வாங்கித் தந்த கார்னரில் வந்தவைதான், ஸ்கோர் ஷீட்டில் அவன் பெயரே இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய கேப்டனாக ஆடிய ஹர்மன்ப்ரீத் சிங் போட்ட 10 கோலும் பெனால்டி கார்னரிலும் ஸ்ட்ரோக்கிலும் (கீப்பர் மட்டும் எதிரே நிற்க ஒருவர் அடிப்பது) வந்தவை. முன்னால் யாரோ ஒருத்தர் அதை வாங்கித் தந்திருக்கிறார். ஆனால் உங்கள் டீமில் கார்னரை ஒழுங்காக அடிக்க ஆள் இல்லையென்றால் அந்தக் குறிக்குப் பாதி மதிப்புதான் போட வேண்டும்.

அப்புறம் மைதானம். இது ரொம்ப முக்கியம். நம்ம ஊர்ச் செம்மண் தரையில் சரளைக்கல் கிடக்கும், பந்து எப்போது துள்ளும் என்று சொல்லவே முடியாது, அங்கே நாலு பேரை வளைத்துப் போகப் பார்க்கிறவன் இரண்டாவது ஆளிடமே பறிகொடுப்பான். நேராக அடித்துவிட்டுத் துரத்துகிறவனுக்குத்தான் லாபம். அதே டீமைக் கோவில்பட்டி டர்ஃபுக்கு (செயற்கைப் புல் மைதானம்) கூட்டிப்போனால் கதை மாறிவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மாதிரி பந்து வழுக்கிக்கொண்டு போகும், வளைக்கிறவன் ராஜா. அதனால் செம்மண்ணில் எழுதிய நோட்டை வைத்து டர்ஃப் மேட்சுக்கு ஆள் எடுக்காதீர்கள்.

14, 15 வயதுப் பையன்கள் என்றால் நான் யோசிக்காமல் ஒல்லிப் பையனைத்தான் எடுப்பேன். உடம்பு இரண்டு வருஷத்தில் தானாக வந்துவிடும், மணிக்கட்டு அப்படி வராது. பெரிய பையன்கள் டீமில் இரண்டு பேருக்கும் இடம் இருந்தால், வளைக்கிறவனை இடது ஓரத்தில் விடுங்கள், வாட்டசாட்டமானவனை வலது போஸ்ட் பக்கம் ஸ்டிக்கைத் தரையோடு வைத்து நிற்கச் சொல்லுங்கள், குறுக்கே வருகிற பந்தை அவன் தொட்டாலே போதும்.