ரோடு டயரிலேயே ட்ராக் டே ஓட்டுவது எப்படி

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ முதல் தடவை ட்ராக் டேக்கு, அதாவது சொந்த பைக்கை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப்பார்க்கும் நாளுக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஸ்லிக் டயர் (பள்ளமே இல்லாத ரேஸ் டயர்) வாங்கணுமா என்பதுதான். வேண்டாம். வார்மர் (டயரைச் சூடேற்றும் மின்சார உறை) போட்டுச் சூடேற்றாத ஸ்லிக் முதல் லேப்பிலேயே உங்களைக் கீழே தள்ளிவிடும். நல்ல ரோடு டயர் ஒன்றிரண்டு லேப்பில் தானாகச் சூடேறிவிடும், தூறல் விழுந்தாலும் சமாளிக்கும்.

ஆனால் எந்த ரோடு டயரும் சரி என்று சொல்லவில்லை. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2323 என்றால் 2023-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்து வருஷம் தாண்டியது, வெடிப்பு விட்டது, பஞ்சர் ஒட்டியது எதுவும் வேண்டாம். புது டயர் என்றால் பளபளப்பு போகும்வரை ரோட்டில் நிதானமாக ஓட்டிவிட்டு வாருங்கள்.

அப்புறம் காற்று. பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது. டயர் கம்பெனி ட்ராக்குக்கென்று தனி அளவு சொல்லியிருந்தால் அதையே வையுங்கள். இல்லையென்றால், ரேடியல் டயர் போட்ட 300, 400 சிசி வண்டிக்கு டயர் குளிர்ந்திருக்கும்போது முன்னும் பின்னும் 29, 30 பிஎஸ்ஐ வைத்து ஆரம்பிக்கலாம். சொந்தமாகக் காற்று அளக்கும் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பஞ்சர் கடைக்குக் கடை கேஜ் வேறு கணக்குச் சொல்லும். செஷன் முடிந்து பிட்டுக்குள் (ட்ராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே அளந்துவிடுங்கள், ஆறவிட்டால் அளந்து பிரயோஜனமில்லை. மூன்று, நான்கு பிஎஸ்ஐ ஏறியிருந்தால் சரி. அதைவிட ரொம்ப ஏறியிருந்தால் காற்றை இறக்கத்தான் கை போகும், ஆனால் பெரும்பாலும் நிலைமை நேர்மாறு: தொடக்கத்தில் காற்று குறைவாக இருந்ததால் டயர் அளவுக்கு மீறி நெளிந்து சூடாகியிருக்கிறது, அடுத்த தடவை ஒன்றிரண்டு கூட்டி வைத்துப் பாருங்கள். ஏறவே இல்லையென்றால் கொஞ்சம் இறக்குங்கள்.

மதிய வெயிலில், நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்த டயர் திடீரென்று எண்ணெய் தடவினது போல நழுவ ஆரம்பித்தால் அது சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்துப் பிட்டுக்கு வந்துவிடுங்கள், அந்த செஷன் போனால் போகட்டும். டயர் ஓரத்தில் தேயாமல் கிடக்கும் பட்டையைப் பார்த்து யாராவது கிண்டலடித்தால் கண்டுகொள்ளாதீர்கள், அதைத் தேய்க்கவென்றே சாய்ப்பவர்கள்தான் விழுகிறார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன், டயர் ஆறினதும், பழையபடி ரோடு அளவுக்குக் காற்று ஏற்றிக்கொள்ளுங்கள்.